சிறுத்தைச் சின்னம் பிறந்த கவுன்டி: லவுண்ட்ஸ் குறித்த ஆய்வுகள் சொல்வது என்ன?

‘சிறுத்தை’ என்ற சொல் நம் அரசியலுக்குள் எப்படி வந்தது என்பதைப் பலர் அறிவர். 1980களின் தொடக்கத்தில் மதுரையில் மலைச்சாமி தொடங்கிய இயக்கம், 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜெ.வி.பவாரும் ராஜா தாலேயும் உருவாக்கிய தலித் பேந்தர்ஸின் பெயரைத் தாங்கியிருந்தது. பம்பாய் இளைஞர்கள் அந்தப் பெயரை, 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சியிடமிருந்து பெற்றனர். ஓக்லாந்துக்கு அது எங்கிருந்து வந்தது? அலபாமா மாநிலத்தின் ஒரு சின்னஞ்சிறு கிராமப்புறக் கவுன்டியிலிருந்து. அதன் பெயர் லவுண்ட்ஸ்.

கவுன்டி என்பது அமெரிக்க மாநிலங்களுக்குள் உள்ள நிர்வாக அலகு. நம் மாவட்டத்திற்கு ஒப்பானது என்றாலும் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லவுண்ட்ஸில் வாழ்வோர் 10,311 பேர். நம் ஊரில் ஒரு பேரூராட்சிக்குரிய தொகை. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் கறுப்பினத்தவர். இந்தச் சிறு நிலப்பரப்பைப் பற்றி நூறாண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் எழுதிவருகின்றனர். அவற்றுள் மூன்று ஆய்வுகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒன்று அரசால் அழிக்கப்பட்டது. மற்றொன்று மறக்கப்பட்ட ஒரு போராட்டத்தை மீட்டெடுத்தது. மூன்றாவது, உலகின் செல்வ நாடு தன் குடிமக்களின் வீட்டு முற்றத்தில் எதை விட்டுவைத்திருக்கிறது என்பதைக் காட்டியது. மூன்றையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் நமக்குத் தேவையான பாடம் கிடைக்கிறது.

கரிசல் மண்ணின் கதை

லவுண்ட்ஸ் அமைந்துள்ள வட்டாரத்தைக் ‘கறுப்புப் பட்டை’ என்பார்கள். தொடக்கத்தில் அது மண்ணின் நிறத்தைக் குறித்தது. நம் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலைப் போல, ஈரம் பட்டால் வீங்கி, காய்ந்தால் வெடிக்கும் களிமண் அது. அடியில் சுண்ணப்பாறை. பருத்திக்கு ஏற்ற மண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பருத்திக்காகவே பல்லாயிரக்கணக்கான கறுப்பின மக்கள் அடிமைகளாக அங்கு கொண்டுவந்து குவிக்கப்பட்டனர். பிறகு, மண்ணின் நிறத்தைக் குறித்த பெயரே அங்கு வாழ்ந்த மக்களின் நிறத்தையும் குறிக்கலாயிற்று.

1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. நிலம் மட்டும் கைமாறவில்லை. முன்னாள் அடிமைகள் அதே பண்ணைகளில் வாரக் குடியானவர்களாயினர். விதை, உரம், உணவுப்பொருள் எல்லாம் பண்ணையாரிடமோ கடைக்காரரிடமோ கடன். விளையப்போகும் பயிரே அதற்கு ஈடு. கணக்கு எழுதுவதோ கடன் கொடுத்தவர். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் குடியானவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கான கடன்தான். தஞ்சையின் பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கரிசல் மண்ணை நினைவில் வைத்துக்கொள்வோம். கட்டுரையின் பிற்பகுதியில் வேறொரு காரணத்திற்காக அது மீண்டும் வரும்.

1906: அழிக்கப்பட்ட அறிக்கை

டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ், அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கறுப்பினச் சமூகவியலாளர். 1899இல் வெளிவந்த பிலடெல்பியா குறித்த அவரது ஆய்வு, வீடுவீடாகச் சென்று தரவு திரட்டும் முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுவது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் தொழிலாளர் துறைக்காக வர்ஜீனியாவின் பார்ம்வில் சிற்றூர் பற்றியும், ஜார்ஜியாவின் கறுப்பின நிலவுடைமையாளர் பற்றியும் அவர் எழுதிய அறிக்கைகளை அந்தத் துறையே வெளியிட்டிருந்தது.

1906இல் அதே துறைக்காக லவுண்ட்ஸ் கவுன்டியை ஆய்வு செய்ய அவர் வந்தார். மன்றோ வொர்க், ஆர்.ஆர்.ரைட் என்ற இரு கறுப்பின ஆய்வாளர்களும் உள்ளூர் உதவியாளர்கள் பலரும் உடனிருந்தனர். கறுப்பினக் குழந்தைகளுக்காக 1892இல் நிறுவப்பட்ட கல்ஹவுன் பள்ளியில் தங்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் வினாநிரல்களைக் கொண்டுசென்றனர். நிலம் யாரிடம் உள்ளது, குத்தகை நிபந்தனைகள் என்ன, கடன் எப்படிச் சுழல்கிறது, குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன, அரசியல் அதிகாரம் யார் கையில் உள்ளது என்பவையே கேள்விகள். சில இடங்களில் ஆய்வாளர்களைத் துப்பாக்கிகள் வரவேற்றன. அந்த ஆண்டு செப்டம்பரில் அட்லாண்டாவில் கறுப்பின மக்கள்மீது வெள்ளையர் கும்பல் வெறியாட்டம் நிகழ்த்தியபோது டு பாய்ஸ் லவுண்ட்ஸில்தான் இருந்தார். மனைவியையும் மகளையும் காண இரயிலேறி விரைந்தார்.

ஆய்வு முடிந்தது. வரைபடங்கள், அட்டவணைகளுடன் அறிக்கை கையால் எழுதப்பட்டு ஒப்படைக்கப்பட்டது. அரசு அதற்குரிய பணத்தையும் தந்தது. ஆனால் அறிக்கை வெளிவரவில்லை. அது அரசியல் விவகாரங்களைத் தொடுகிறது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. பின்னர் கையெழுத்துப் படியைத் திருப்பிக் கேட்டபோது, அது அழிக்கப்பட்டுவிட்டது என்ற பதில் வந்தது. வேறு படி இல்லை.

இதனைப் பின்னாளில் தம் தன்வரலாற்று எழுத்துகளில் டு பாய்ஸ் பதிவுசெய்தார். தம் சமூகவியல் பணிகளுள் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாக அதை அவர் கருதினார். 1911இல் அவர் எழுதிய முதல் நாவல் பருத்தி வட்டாரத்தின் நிலவுறவுகளைப் பேசுவதற்கு அந்தக் கள அனுபவமும் ஒரு காரணம் என்பர் ஆய்வாளர்கள். அறிக்கையாக வர முடியாதது புனைவாக வந்தது.

ஏன் அழித்தார்கள்? பார்ம்வில் அறிக்கையை வெளியிட்ட அரசுக்கு லவுண்ட்ஸ் அறிக்கையில் என்ன தடை? கறுப்பின மக்கள் வறியவர்கள் என்று சொல்வதில் எந்த அரசுக்கும் சங்கடமில்லை. அந்த வறுமை யாருடைய வரவுசெலவுக் கணக்கில் இலாபமாக எழுதப்படுகிறது என்று சொல்லும்போதுதான் ஆய்வு ‘அரசியல்’ ஆகிவிடுகிறது. இந்திய அரசு 2011இல் நடத்திய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின் சாதித் தரவுகள் வெளியிடப்படாமலே போனதை இங்கே நினைத்துப் பார்க்கிறோம்.

1965: வாக்குச்சீட்டும் கூடாரமும்

இரண்டாவது ஆய்வு, வரலாற்றாசிரியர் ஹசன் குவாமே ஜெஃப்ரீஸ் 2009இல் வெளியிட்ட நூல். ‘குருதிதோய்ந்த லவுண்ட்ஸ்’ என்பது அதன் தலைப்பு. அந்த மண்ணில் நிகழ்ந்த வன்கொலைகளால் கவுன்டிக்கு ஏற்பட்ட அவப்பெயர் அது.

1965 தொடக்கத்தில் லவுண்ட்ஸ் மக்களில் ஐந்தில் நால்வர் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அதே பட்டியலில் இருந்த வெள்ளையர் பெயர்களோ, வாக்களிக்கத் தகுதியுள்ள வெள்ளையரின் எண்ணிக்கையைவிட அதிகம். 86 வெள்ளைக் குடும்பங்களிடம் கவுன்டியின் 90 விழுக்காடு நிலம் இருந்ததாக ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்லஸ் ஹாமில்டனும் 1967இல் எழுதினர்.

செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் நடந்த புகழ்பெற்ற பேரணி, லவுண்ட்ஸின் நெடுஞ்சாலை வழியாகவே சென்றது. பேரணி முடிந்த 1965 மார்ச் 25 இரவில், பேரணியினரைக் காரில் ஏற்றிச்சென்ற வயோலா லியுஸோ என்ற வெள்ளையினப் பெண்மணி அதே சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 20 அன்று, கவுன்டியின் தலைமையிடமான ஹேன்வில்லில், ஜோனதன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர் ஒரு கறுப்பின இளம்பெண்ணைக் காக்க முன்னே பாய்ந்து உயிரிழந்தார். சுட்டவரை வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு விடுதலை செய்தது. அந்த நடுவர் குழு முறையை எதிர்த்து எழுந்த வழக்கில், கறுப்பினத்தவரையும் பெண்களையும் நடுவர் பணியிலிருந்து விலக்குவது அரசமைப்புக்கு முரணானது என்று 1966இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பேரணிகளை மட்டும் எழுதும் வரலாறு இங்கே முடிந்துவிடும். ஜெஃப்ரீஸின் நூல் இங்கிருந்துதான் விரிகிறது. வாக்காளராகப் பதிந்த குடியானவர்களைப் பண்ணையார்கள் குடிசைகளிலிருந்து விரட்டினர். 1965 டிசம்பர் இறுதியில் நெடுஞ்சாலையோரம் கூடாரங்கள் எழுந்தன. ‘கூடார நகர்’ என்று பெயர்பெற்ற அங்கே குளிரிலும் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவிலும் குடும்பங்கள் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தாக்குப்பிடித்தன. இயக்கம் நிலைத்ததற்குக் காரணம் வெளியிலிருந்து வந்த தலைவர்கள் மட்டுமல்லர். உறவுமுறை, தேவாலயம், சொந்தமாகச் சிறு நிலம் வைத்திருந்த சில குடும்பங்கள் ஆகிய உள்ளூர் வலைப்பின்னலே அதன் முதுகெலும்பு என்பதை ஜெஃப்ரீஸ் காட்டுகிறார். சொந்த நிலத்தில் நின்றவரைத்தான் யாராலும் வெளியேற்ற முடியவில்லை.

மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் கார்மைக்கேலும் தோழர்களும் உள்ளூர்த் தலைவர் ஜான் ஹுலெட்டுடன் இணைந்து, லவுண்ட்ஸ் கவுன்டி விடுதலை அமைப்பு என்ற தனிக் கட்சியைக் கட்டினர். எழுத்தறிவு குறைந்த வாக்காளர்களுக்காகக் கட்சிகள் சின்னம் வைத்திருக்க வேண்டும் என்பது அலபாமாவின் விதி. அம்மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதன் முழக்கத்தில் 1966 வரை ‘வெள்ளையர் மேலாதிக்கம்’ என்ற சொற்களே வெளிப்படையாக இருந்தன. அதற்கு எதிராகப் புதிய கட்சி தேர்ந்தது கருஞ்சிறுத்தை. அது தானாகத் தாக்க வராது; மூலையில் நெருக்கினால் பின்வாங்காது என்பதே அதற்கு அவர்கள் தந்த விளக்கம். வறிய குடியானவர்களின் வாக்குச்சீட்டில் பிறந்த அந்த உருவம்தான் ஓக்லாந்து, பம்பாய் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது.

1966 நவம்பர் தேர்தலில் கட்சியின் வேட்பாளர்கள் அனைவரும் தோற்றனர். 1970இல் ஹுலெட் கவுன்டியின் ஷெரீப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐந்தாண்டுகளுக்கு முன் வாக்குரிமையே இல்லாதிருந்த மக்களின் பிரதிநிதி, காவல் அதிகாரத்தைக் கையில் ஏந்தினார். எனினும் ஜெஃப்ரீஸ் கதையை வெற்றி முழக்கத்தோடு முடிக்கவில்லை. பதவிகள் கைக்கு வந்தபின் கூட்டு முடிவெடுக்கும் பழக்கம் மெல்லத் தேய்ந்ததையும், பழைய கட்சிகளின் பேர அரசியல் உள்ளே நுழைந்ததையும், நிலவுடைமையும் வறுமையும் பெரிதும் மாறாமல் நின்றதையும் அவர் பதிவுசெய்கிறார். தனித்தொகுதிகளும் ஊராட்சி இடஒதுக்கீடும் நமக்குத் தந்தவற்றையும் தராதவற்றையும் எண்ணிப் பார்ப்போருக்கு இந்த இறுதி அத்தியாயங்கள் மிக நெருக்கமானவை.

2017: முற்றத்தில் கழிவு, குடலில் புழு

இனி அந்தக் கரிசல் மண்ணுக்குத் திரும்புவோம். லவுண்ட்ஸின் சிதறிய வீடுகள் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது. ஒவ்வொரு வீடும் சொந்தச் செலவில் செப்டிக் டேங்க் அமைக்க வேண்டும். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண் உறிஞ்ச வேண்டும். கரிசல் களிமண் உறிஞ்சாது. மழை பெய்தால் கழிவு வீட்டுக்குள்ளேயே, குளியல் தொட்டி வழியாக எதிர்த்தேறி வரும். அந்த மண்ணுக்கேற்ற சிறப்பு அமைப்புக்குப் பல்லாயிரம் டாலர் செலவாகும். சில குடும்பங்களுக்கு அது ஓராண்டு வருமானத்தில் பெரும்பகுதி. எனவே பலர் வீட்டிலிருந்து ஒரு குழாயைப் பின்புறப் பள்ளத்துக்கு நேராக விட்டுவிடுகின்றனர்.

எத்தனை வீடுகளில் இந்த நிலை? போதிய கழிவகற்று வசதி இல்லாத வீடுகள் 40 முதல் 90 விழுக்காடு வரை இருக்கலாம் என்பது மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் மதிப்பீடாக, 2011இல் அங்கு சென்ற ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரின் ஆவணத்தில் இடம்பெற்றது. 40க்கும் 90க்கும் இடையிலுள்ள இந்த அகன்ற இடைவெளியே ஒரு சான்றுதான். யாரும் ஒழுங்காக எண்ணிப் பார்க்கவில்லை என்பதன் சான்று.

லவுண்ட்ஸில் வளர்ந்த காத்ரீன் கோல்மன் ஃபிளவர்ஸ் என்ற செயற்பாட்டாளர், இந்த நிலையை இருபதாண்டுகளாக வெளிக்கொணர்ந்து வருபவர். அவரது அமைப்பும் பேலர் மருத்துவக் கல்லூரியின் வெப்பமண்டல மருத்துவ ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. 24 வீடுகளைச் சேர்ந்தவர்களிடம் விசாரித்தபோது, 42.4 விழுக்காட்டினர் வீட்டுக்குள்ளேயே கழிவுநீர் புகுந்த அனுபவத்தைக் கூறினர். 55 மல மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியதில் 19 மாதிரிகளில், அதாவது 34.5 விழுக்காட்டில், கொக்கிப்புழுவின் தடயம் தெரிந்தது.

கொக்கிப்புழுவின் குஞ்சுகள் மலம் கலந்த ஈரமண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுபவை. நுரையீரல் வழியே குடலை அடைந்து அங்கே இரத்தத்தை உறிஞ்சும். சோகை, களைப்பு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு ஆகியவை அதன் விளைவுகள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதை ஒழிக்க ராக்ஃபெல்லர் நிதியில் 1909இலேயே பெரும் இயக்கம் தொடங்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஒழிந்துவிட்டதாகவே நம்பப்பட்டது. ஆகவே 2017 ஆய்வு உலகச் செய்தியானது. அந்த ஆண்டு டிசம்பரில், கொடும் வறுமை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டனும் அப்பகுதிக்கு வந்தார்.

ஓர் எண்ணை எப்படி வாசிப்பது?

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். ‘லவுண்ட்ஸில் மூவரில் ஒருவருக்குக் கொக்கிப்புழு’ என்று எழுதிய செய்திகள் பல. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. 55 மாதிரிகள் என்பது சிறு தொகை. கழிவகற்று வசதி மோசமாக உள்ள வீடுகளைத் தேடித் தேர்ந்தெடுத்த ஆய்வு அது. கவுன்டி முழுமைக்கும் அந்த விழுக்காட்டைப் பொருத்த இயலாது. மேலும், மிக நுண்ணிய மரபணுத் தடயத்தைக் கண்டறியும் சோதனை அது. நோய்வாய்ப்பட்டோரின் எண்ணிக்கை அல்ல.

2023இல் அலபாமாவின் அதே கறுப்புப் பட்டையில், 777 சிறாரைச் சேர்த்து மற்றொரு குழு நடத்திய ஆய்வு வெளிவந்தது. 704 சிறாரின் மல மாதிரிகளில் கொக்கிப்புழு உள்ளிட்ட மண்வழிப் புழுக்கள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ‘அப்படியானால் முந்தைய கூச்சல் பொய்தானே’ என்று கேட்போர் இருப்பர். ஆனால் அதே ஆய்வில் 12 விழுக்காட்டினர், தங்கள் வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பின்றி நேரடியாக வெளியே விடப்படுவதாகக் கூறினர். குழந்தைகள் திறந்த கழிவுக்கு அருகில் வாழ்வதே பெரும் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்று அந்த ஆய்வாளர்களே முடிவுரைத்தனர்.

இரு ஆய்வுகளையும் நாம் மறைக்காமல் வாசிக்க வேண்டும். புழு இருந்தால்தான் அநீதி, இல்லையென்றால் நீதி என்று வழக்கைக் கட்டினால், அடுத்த சோதனை முடிவில் வழக்கே சரிந்துவிடும். மனிதர் தம் மலத்தின் நடுவே வாழ நிர்ப்பந்திக்கப்படுவதே அநீதி. அதற்கு நுண்ணோக்கியின் சான்றிதழ் தேவையில்லை. மலக்குழி மரணங்களின் எண்ணிக்கை குறைந்ததாகச் சொல்லும் அரசு அறிக்கைகளை எதிர்கொள்ளும் நமக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். மரணம் நிகழாத நாளிலும் அந்தத் தொழில் இழிவே.

குற்றவாளி யார்?

அலபாமாவில் கழிவுநீரைத் திறந்தவெளியில் விடுவது குற்றம். அமைப்பை நிறுவப் பணமில்லாத வீட்டுக்காரர்களே இச்சட்டத்தால் நோட்டீஸுக்கும் வழக்குக்கும் கைது மிரட்டலுக்கும் ஆளாயினர். நிலத்தையும் கூலியையும் மறுத்த வரலாறு குற்றமாகவில்லை. அதன் விளைவான வறுமை குற்றமாயிற்று.

2021 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை, குடிமை உரிமைகள் சட்டத்தின்கீழ் மாநிலச் சுகாதாரத் துறைமீது விசாரணை தொடங்கியது. 2023 மே மாதம் இடைக்கால உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. வீட்டுக்காரர்கள்மீதான தண்டனை நடவடிக்கைகளை நிறுத்துவது, கவுன்டியின் தேவைகளை முறையாக மதிப்பிடுவது, மக்களுக்கு நோயபாயத்தை விளக்குவது ஆகியவை அதில் அடங்கும். நூறாண்டுகளுக்குப் பிறகு, அரசே எண்ணிப் பார்க்க ஒப்புக்கொண்ட தருணம் அது. 2025 ஏப்ரலில், பன்மைத்துவக் கொள்கைகளுக்கு எதிரான அதிபர் டிரம்பின் ஆணையைக் காட்டி, நீதித்துறை அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது. 1906இல் ‘அரசியல்’ என்று சொல்லி அறிக்கையை அழித்தனர். 2025இல் வேறொரு சொல்லைச் சொல்லி உடன்பாட்டைக் கைவிட்டனர்.

நமக்கான பாடங்கள்

1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா. அவைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டிருந்தார். தீண்டப்படாத மக்களுக்காகவும் அத்தகைய மனுவை எண்ணிப் பார்ப்பதாகக் குறிப்பிட்டிருந்தார். டு பாய்ஸும் பரிவோடு விடையளித்தார். ஒடுக்கப்பட்டோர் ஒருவர் ஆவணத்தை மற்றவர் கேட்டு வாங்கிப் படிப்பது அன்றே தொடங்கிவிட்ட மரபு. அந்த மரபில் நின்று லவுண்ட்ஸிலிருந்து மூன்று செய்திகளை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஆய்வின் படி மக்களிடமும் இருக்க வேண்டும். டு பாய்ஸின் அறிக்கை ஒரே கையெழுத்துப் படியாக அரசின் மேசையில் இருந்தது, ஆகவே அழிந்தது. உங்கள் கல்லூரி ஆய்வேட்டுக்காக ஒரு காலனியில் தரவு திரட்டினால், அதன் சுருக்கத்தையாவது அந்தக் காலனியின் படிப்பகத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, கேள்வியை யார் கேட்கிறார் என்பது விடையைத் தீர்மானிக்கிறது. லவுண்ட்ஸில் இருந்த நோயைக் கண்டறியும் ஆய்வு, அந்த ஊரில் வளர்ந்த ஒரு பெண் ஆய்வகங்களின் கதவைத் தட்டியதால் நடந்தது. கல்விக்கூடங்கள் தாமாக நம் தெருவுக்கு வருவதில்லை.

மூன்றாவது, நல்ல ஆய்வு வந்துவிட்டாலே நீதி வந்துவிடாது. வாக்குரிமை நூல்களால் வரவில்லை. கூடாரத்தில் குளிரைத் தாங்கிய குடும்பங்களால் வந்தது. வாக்குரிமை வந்தும் நிலம் வரவில்லை. நிலமும் கூலியும் மறுக்கப்பட்டதன் தொடர்ச்சியாகவே இன்றும் முற்றத்தில் கழிவு தேங்கி நிற்கிறது.

கூடார நகர் இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவு விளக்க மையம் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் வந்து பார்த்துச் செல்கின்றனர். அதே கவுன்டியின் வீடுகளில் மழை பெய்யும்போது கழிவு உள்ளே ஏறுகிறது. போராட்டத்தை நினைவுச்சின்னமாக்கிவிட்டு அதன் கோரிக்கையை அப்படியே விட்டுவிடும் இந்த வித்தையை நாமும் நன்கு அறிவோம். அடுத்த முறை சிறுத்தைச் சின்னத்தைக் காணும்போது, அதை முதன்முதலில் வாக்குச்சீட்டில் பொறித்த மக்களின் வழக்கு இன்னும் முடியவில்லை என்பதையும் நினைவில் கொள்வோம்.